பண்பாட்டு ஆய்வு: எந்தக் கேள்விக்கு எந்த முறை?

பிரிட்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ பண்பாட்டு ஆய்வு படிக்கப் போகிறவருக்கும், இங்கேயே முதுகலை ஆங்கில இலக்கியத்தில் அதை ஒரு தாளாக எழுதுகிறவருக்கும் முதல் பருவத்தில் வரும் தொல்லை ஒன்றுதான். பாடத்திட்டத்தில் பெயர்கள் நிறைய இருக்கின்றன: கிராம்ஷி, அல்தூசர், பார்த், ஃபூக்கோ, ஸ்டூவர்ட் ஹால். ஆனால் உட்கார்ந்து என்ன செய்வது என்று எங்கும் இருக்காது. கட்டுரை எழுதச் சொன்னால் முன்பாதியில் கோட்பாட்டுச் சுருக்கம் வந்துவிடும். பின்பாதியில் ஒரு விளம்பரத்தையோ படத்தையோ பிடித்து, இது ஆணாதிக்கம், அது நுகர்வியம் என்று முத்திரை குத்தியாகிவிடும். திருத்துகிற ஆசிரியர் ஓரத்தில் எழுதும் குறிப்பு பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

முறையியல் என்பது அந்தக் கேள்விக்கான பதில். பண்பாட்டு ஆய்வில் கேள்விகள் பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கும். இந்தப் பொருள் (படம், பத்திரிகை, உடை, பாட்டு) என்ன சொல்கிறது, எப்படிச் சொல்கிறது? மக்கள் இதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள்? இதை யார், எந்தப் பணத்தில், எந்தச் சட்டத்துக்குள் நின்று உருவாக்கினார்கள், அது ஏன் அந்த நேரத்தில் நடந்தது? முதல் கேள்விக்குப் பனுவலை, அதாவது அந்தப் பொருளையே, படிக்க வேண்டும். இரண்டாவதற்கு ஆட்களிடம் போக வேண்டும். மூன்றாவதற்கு ஆவணங்களுக்குள் இறங்க வேண்டும். மாணவர் கட்டுரைகளில் பாதிக்குமேல் சறுக்குவது, முதல் கேள்விக்கான வேலையைச் செய்துவிட்டு இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதுவதால்தான். படத்தை மட்டும் பார்த்துவிட்டு "பார்வையாளர்கள் இதை நம்பிவிடுகிறார்கள்" என்று முடிப்பார்கள். எந்தப் பார்வையாளர்? அவர்களில் ஒருவரையாவது கேட்டோமா?

இந்தத் துறையின் வரலாறே இந்தச் சறுக்கலை ஒருவர் செய்ய, இன்னொருவர் வந்து திருத்திய வரலாறுதான். அதனால் முறைகளைத் தனியாக மனப்பாடம் செய்வதைவிட, பெயர்பெற்ற சில ஆய்வுகளில் என்ன செய்தார்கள், எங்கே இடறியது என்று பார்ப்பது பயன் தரும்.

பர்மிங்ஹாம்

1957-இல் ரிச்சர்ட் ஹோகார்ட், தான் வளர்ந்த லீட்ஸ் நகரத் தொழிலாளர் குடியிருப்பின் வாழ்க்கையையும் அங்கே படிக்கப்பட்ட மலிவுப் பத்திரிகைகளையும், இலக்கியத்தைப் படிப்பதுபோல் உன்னிப்பாகப் படித்து ஒரு நூல் எழுதினார். அடுத்த ஆண்டு ரேமண்ட் வில்லியம்ஸும், 1963-இல் வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்சனும் தங்கள் நூல்களை வெளியிட்டார்கள். மூவரும் முதியோர் கல்வி வகுப்புகளில் பாடம் நடத்தியவர்கள். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் படிக்க வருகிறவர்களிடம் "உயர்ந்த இலக்கியம்" மட்டும் பேசினால் செல்லாது. பாடத்தில் சினிமாவும் பத்திரிகையும் நுழைந்தது இப்படித்தான்.

1964-இல் ஹோகார்ட் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தைத் தொடங்கினார். தொடக்கப் பணம் பெங்குவின் பதிப்பகத்தின் நிறுவனர் ஆலன் லேனிடமிருந்து வந்தது. 1960-இல் பெங்குவின்மீது நடந்த ஆபாச வழக்கில் ஹோகார்ட் நிறுவனத்துக்காகச் சாட்சி சொல்லியிருந்தார். ஜமைக்காவிலிருந்து 1951-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்க வந்த ஸ்டூவர்ட் ஹால், 1968 முதல் 1979 வரை மையத்தை நடத்தினார். மாணவர்கள் குழுக்களாகச் சேர்ந்து படித்து, குழுவாகவே எழுதி, ஸ்டென்சிலில் அச்சடித்த தாள்களாக வெளியிட்டார்கள். அந்தத் துறையைப் பல்கலைக்கழகம் 2002-இல் மூடிவிட்டது. ஆனால் அதற்குள் முறைகள் உலகம் முழுக்கப் போய்விட்டன.

இலக்கியத்திலிருந்து உன்னிப்பான வாசிப்பு, சமூகவியலிலிருந்து களப்பணி, வரலாற்றிலிருந்து ஆவணம். பண்பாட்டு ஆய்வுக்கென்று பிறந்த முறை எதுவும் கிடையாது, எல்லாமே கடன். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. எதை யாரிடம் கடன் வாங்கினோம் என்று தெரிந்திருந்தால் போதும்.

பனுவலைப் படித்தல்

ஆங்கில உலகின் பாடத்திட்டங்களில் தவறாமல் வரும் எடுத்துக்காட்டு ஒரு பிரெஞ்சு விளம்பரம். 1964-இல் ரொலான் பார்த் எழுதிய கட்டுரையில் பான்சானி என்ற பாஸ்தா நிறுவனத்தின் விளம்பரப் படத்தைப் பிரித்துக் காட்டுகிறார். வலைப்பை ஒன்று பாதி திறந்திருக்கிறது. உள்ளிருந்து பாஸ்தா பொட்டலங்கள், ஒரு டப்பா, தக்காளி, வெங்காயம், குடமிளகாய், காளான் வெளியே தெரிகின்றன. பின்னணி சிவப்பு. இது முதல் தளம், கண்ணுக்குத் தெரிவது. பிறகுதான் இரண்டாம் தளம். பாதி திறந்த பை "இப்போதுதான் சந்தையிலிருந்து வந்தேன்" என்கிறது. சிவப்பும் பச்சையும் மஞ்சள் கலந்த வெண்மையும் இத்தாலியக் கொடியை நினைவூட்டுகின்றன. பெயரின் ஓசையும் இத்தாலியை அழைக்கிறது. டப்பா உணவு புதுக்காய்களோடு ஒரே பையில் கிடப்பதால் அதுவும் புதிதாகிவிடுகிறது.

பார்த் கூடவே ஒன்றைக் கவனிக்கிறார். இந்த "இத்தாலியத் தன்மை" இத்தாலியருக்குத் தெரியாது. இத்தாலியைப் பற்றிப் பிரெஞ்சுக்காரர் வைத்திருக்கும் சுற்றுலாப் பிம்பம் இருந்தால்தான் அது வேலை செய்யும். பிரிட்டிஷ் விளம்பரத்தைப் படிக்கும் தமிழ் மாணவருக்கு இது நேரடியாகப் பொருந்தும். அந்த ஊர்க்காரர் சொல்லாமலே அறிந்திருப்பது நமக்குத் தெரியாது. கிறிஸ்துமஸ் விருந்தில் வான்கோழியை மேசையில் வெட்டிப் பரிமாறுவது வழக்கமாக வீட்டுத் தலைவரின் வேலையாகக் கருதப்பட்டது என்பது தெரியாதவருக்கு, கத்தி யார் கையில் இருக்கிறது என்பது கண்ணிலேயே படாது. அந்த அறிவைத் தேடிச் சேர்ப்பதும் ஆய்வின் பகுதிதான். வெளியிலிருந்து வருவதில் ஆதாயமும் உண்டு. உள்ளூர்க்காரருக்கு இயல்பாகிப்போனது நமக்கு விசித்திரமாகத் தெரியும்.

செய்முறை இப்படி. 30 வினாடி விளம்பரமானால் முதலில் ஒலியை நிறுத்திவிட்டு இரண்டு தடவை, பிறகு படத்தை மறைத்து ஒலியை மட்டும் ஒரு தடவை, கடைசியில் இரண்டும் சேர்த்து. அதன்பின் ஒவ்வொரு காட்சித்துண்டுக்கும் ஒரு வரி வீதம் அட்டவணை: நேரம், கேமரா எங்கே நிற்கிறது, சட்டகத்தில் யார், என்ன செய்கிறார்கள், காதில் விழும் சொல், இசை. வேகமான விளம்பரம் என்றால் இருபது வரிக்குமேல் போகும். முழுதாக ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள். இந்த அட்டவணையில் "மகிழ்ச்சியான குடும்பம்" என்று எழுதக்கூடாது. "இரண்டு பெரியவர், இரண்டு குழந்தை, நால்வரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள்" என்றுதான் எழுத வேண்டும். முதல் தளத்தை அவசரமாகத் தாண்டியவர் எழுதும் இரண்டாம் தளம் வெறும் முன்முடிவாகத்தான் இருக்கும்.

அட்டவணை முடிந்ததும் மாற்றிப் பார்க்கும் சோதனை. ஓர் உறுப்பை மட்டும் மாற்றுங்கள்: கார் ஓட்டுகிறவர் பெண்ணானால்? வீடு தனிவீடாக இல்லாமல் அரசுக் குடியிருப்பானால்? பின்னணிக் குரலின் உச்சரிப்பு லண்டன் மேல்தட்டிலிருந்து லிவர்பூலுக்கு மாறினால்? பொருள் கலைந்தால் அந்த உறுப்பு சுமை தாங்குகிறது என்று அர்த்தம். கலையாவிட்டால் அதைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டியதில்லை.

இந்த முறையின் எல்லையைக் காட்ட இரண்டு ஆய்வுகள் போதும். டிக் ஹெப்டிஜ் 1979-இல் பங்க் என்ற ராக் இசையைச் சுற்றித் திரண்ட பிரிட்டிஷ் இளைஞர்களின் உடையைக் குறிகளாகப் படித்தார். சேஃப்டி பின், குப்பைப் பை, ஸ்வஸ்திகா. பங்க்குகள் அணிந்த ஸ்வஸ்திகா நாஜிப் பொருளை இழந்து, அதிர்ச்சி தருவதற்கான வெற்றுக்குறியாகிவிட்டது என்பது அவர் வாதம். நூல் அழகானது, இன்றும் படிக்கத்தக்கது. ஆனால் பங்க் இளைஞர்களிடம் கேட்டு எழுதியது அல்ல. பிரிட்டிஷ் கடற்கரை ஊர்களில் 1964-இல் நடந்த இளைஞர் மோதல்களை ஆராய்ந்த ஸ்டான்லி கோஹன், 1980-இல் இந்தப் போக்கைக் கூர்மையாகச் சாடினார். அணிந்தவர் அதைக் கேலியாகத்தான் அணிந்தார் என்று ஆய்வாளருக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது, ஏஞ்சலா மக்ராபி. பதின்வயதுப் பெண்களுக்கான 'ஜாக்கி' வார இதழை 1978-இல் அவர் நான்கு குறிமுறைகளாகப் பிரித்தார்: காதல், சொந்த வாழ்க்கையும் வீடும், உடையும் அழகும், பாப் இசை. பெண்ணின் உலகத்தை ஓர் ஆணைத் தேடுவதாகச் சுருக்குகிறது அந்த இதழ் என்பது முடிவு. இதழைப் பற்றிய வாசிப்பாக அது உறுதியானது. 1987-இல் எலிசபெத் ஃப்ரேஸர் அந்த இதழின் கதையைச் சிறுமிகளிடம் கொடுத்துப் பேச வைத்தபோது, அவர்கள் அதைக் கதையாகவே பார்த்தார்கள். நடக்காத விஷயம் என்று சிரித்தார்கள், குறை சொன்னார்கள். மக்ராபியின் அட்டவணை பொய்யாகிவிடவில்லை. அதிலிருந்து வாசகியின் மனதுக்குத் தாவியதுதான் செல்லாமல்போனது.

ஆட்களிடம் போதல்

1973-இல் ஹால் எழுதிய ஒரு தாள்தான் இந்தத் துறையின் திருப்பம். தொலைக்காட்சி நிறுவனம் செய்தியைக் குறியாக்கம் செய்கிறது (பொருளைச் சொல்லிலும் படத்திலும் ஏற்றுகிறது), பார்ப்பவர் குறிவிலக்கம் செய்கிறார் (அதிலிருந்து பொருளை எடுக்கிறார்), இரண்டும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. பார்ப்பவர் நிற்கக்கூடிய மூன்று நிலைகளை ஹால் சொல்கிறார். சொன்னபடியே ஏற்பது ஆதிக்க வாசிப்பு. பொதுவாகச் சரிதான், என் விஷயத்தில் மட்டும் அப்படியில்லை என்பது சமரச வாசிப்பு. சம்பள உயர்வு கேட்பது நாட்டுக்குக் கேடு என்று செய்தி சொன்னால், தலையாட்டிவிட்டுத் தன் ஆலையில் வேலைநிறுத்தத்துக்கு வாக்களிப்பவர் இந்த நிலையில் இருக்கிறார். "நாடு" என்று சொல்லும்போதெல்லாம் "முதலாளி" என்று காதில் வாங்கிக்கொள்வது எதிர் வாசிப்பு.

இது ஒரு முன்மொழிவு, கண்டுபிடிப்பு அல்ல. மாணவர்கள் இதைக் கண்டுபிடிப்பாக எடுத்துக்கொண்டு "பார்வையாளர்கள் மூன்று வகை" என்று எழுதிவிடுகிறார்கள். சோதித்துப் பார்த்தவர் டேவிட் மார்லி. பிபிசியில் மாலைநேரத்தில் ஓடிய 'நேஷன்வைட்' நிகழ்ச்சியை முதலில் சார்லட் பிரன்ஸ்டனும் அவரும் பனுவலாகப் படித்து 1978-இல் வெளியிட்டார்கள். பிறகு மார்லி அதன் இரண்டு ஒளிபரப்புகளை 29 குழுக்களுக்குப் போட்டுக்காட்டி, பேச்சைப் பதிவுசெய்தார். வங்கி மேலாளர்கள், பயிற்சித் தொழிலாளர்கள், தொழிற்சங்க அலுவலர்கள், ஆலைமட்டத் தொழிற்சங்கப் பிரதிநிதிகள், மாணவர்கள் எனப் பலவகைக் குழுக்கள். 1980-இல் வந்த முடிவு கோட்பாட்டாளர்களுக்குச் சங்கடம் தந்தது. வர்க்கத்தை வைத்து வாசிப்பை ஊகிக்க முடியவில்லை. பயிற்சித் தொழிலாளர்கள் வங்கி மேலாளர்களுக்குப் பக்கத்தில் நின்றார்கள். தொழிற்சங்க அலுவலர்கள் சமரசத்தில் நிற்க, ஆலைமட்டப் பிரதிநிதிகள் முழு எதிர்ப்பில் நின்றார்கள். கறுப்பின மாணவர்கள் எதிர்க்கக்கூட இல்லை. எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒதுங்கினார்கள். ஹாலின் மூன்று பெட்டிகளில் இந்த ஒதுங்கலுக்கு இடமே இல்லை.

இந்த ஆய்விலும் ஓட்டை உண்டு, அதை முதலில் சுட்டியவர்களில் மார்லியே ஒருவர். வகுப்பறையில் உட்காரவைத்துப் போட்டுக்காட்டினால் எல்லோரும் கவனமாகப் பார்ப்பார்கள். வீட்டில் யார் அப்படிப் பார்க்கிறார்? 1986-இல் தென் லண்டனின் 18 குடும்பங்களை வீட்டிலேயே பேட்டி கண்டார். நிகழ்ச்சியின் பொருள் பின்னுக்குப் போய், ரிமோட் முன்னுக்கு வந்தது. அது பெரும்பாலும் அப்பா கையில் இருந்தது. ஆண்கள் பேசாமல் உற்றுப் பார்த்தார்கள், பெண்கள் வேலையோடும் பேச்சோடும் பார்த்தார்கள். வீடு ஆணுக்கு ஓய்விடம், பெண்ணுக்குப் பணியிடம் என்பதால் வந்த வேறுபாடு இது. கேள்வி கேட்கும் இடத்தை மாற்றினால் பதில் மட்டுமல்ல, கேள்வியே மாறிவிடுகிறது.

குழு உரையாடல் நடத்துவதற்கான அளவுகள்: ஒரு குழுவுக்கு 5 முதல் 8 பேர். நாலுக்குக் குறைந்தால் ஒருவரே பேசுவார், பத்தைத் தாண்டினால் மூன்று பேர் வாயே திறக்கமாட்டார்கள். பார்க்கும் துண்டு 10 நிமிடத்துக்குள், பேச்சு 60 முதல் 90 நிமிடம். கேள்விகள் ஆறு போதும். முதல் கேள்வி "என்ன பார்த்தீர்கள், சொல்லுங்கள்" என்பதாக இருக்கட்டும். "இதில் பெண்களைக் காட்டியவிதம் பற்றி என்ன நினைக்கிறீர்கள்" என்று தொடங்கினால், நமக்குப் பிடித்த பதிலை நாமே அவர்கள் வாயில் வைத்துவிடுகிறோம். இரண்டு ஒலிப்பதிவுக் கருவிகள் வையுங்கள், ஒன்று நின்றுபோகும். ஒரு மணிநேரத் தனிப்பேட்டியை எழுத்தாக்க நாலு முதல் ஆறு மணிநேரம் ஆகும், குழுப்பேச்சானால் இன்னும் கூடும். மென்பொருள் எழுதிக்கொடுத்தாலும் ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்தியே ஆக வேண்டும். அது சிரிப்பையும் மௌனத்தையும் பெரும்பாலும் எழுதாது, நமக்குத் தேவையானது பலநேரம் அங்கேதான் இருக்கும்.

பார்வையாளரிடம் போகும் ஆய்வுக்கு எதிர்ப்பக்கமும் ஒரு பள்ளம் உண்டு. 1980-களில் ஜான் ஃபிஸ்க் போன்றோரைத் தொடர்ந்து, எதைப் பார்த்தாலும் மக்கள் அதை எதிர்ப்பாக மாற்றிவிடுகிறார்கள் என்று எழுதுவது வழக்கமானது. கடைக்குப் போவதும் எதிர்ப்பு, சேனல் மாற்றுவதும் எதிர்ப்பு. ஆஸ்திரேலியாவின் மீகன் மாரிஸ் 1988-இல் இதைச் சாடினார். ஒரே கட்டுரைதான் வேறுவேறு பெயரில் ஆயிரக்கணக்கில் அச்சாகிறது என்பது அவர் கிண்டல். இன்றும் ரசிகர் குழுக்களைப் பற்றிய பல ஆய்வேடுகளுக்கு இது பொருந்தும்.

களத்தில் தங்குதல்

ஒருமுறை பேட்டி காண்பது வேறு, மாதக்கணக்கில் கூடவே இருப்பது வேறு. பால் வில்லிஸ் 1977-இல் வெளியிட்ட ஆய்வு, இங்கிலாந்தின் மத்தியப் பகுதித் தொழில்நகரம் ஒன்றில் படிப்பில் அக்கறையில்லாத 12 தொழிலாளர் வீட்டுப் பையன்களைப் பற்றியது. பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளும், பிறகு வேலைக்குப் போன முதல் சில மாதங்களும் அவர்களோடு இருந்தார். ஆசிரியரைக் கலாய்ப்பது, வகுப்பைத் தவிர்ப்பது, நன்றாகப் படிப்பவரை இளக்காரமாகப் பார்ப்பது என்று பள்ளியை எதிர்த்த அவர்களின் பண்பாடே அவர்களைக் கேள்வியில்லாமல் ஆலை வேலைக்குள் தள்ளியது என்று காட்டினார். பேட்டி மட்டும் எடுத்திருந்தால் "படிப்பு ஏறவில்லை" என்ற பதிலோடு திரும்பியிருப்பார். பள்ளிக்கூடத்துக் கேலியும் ஆலைத்தளத்துக் கேலியும் ஒரே அச்சு என்பது இரண்டு இடத்திலும் நின்றவருக்குத்தான் தெரியும்.

இதையும் மக்ராபிதான் பிடித்தார். அந்தப் பையன்கள் பெண்களைப் பேசும் விதத்தை வில்லிஸ் போதிய அளவு கேள்விக்கு உட்படுத்தவில்லை. பங்க் போன்ற இளைஞர் குழுக்களைப் பற்றிய துணைப்பண்பாட்டு ஆய்வுகளில் பெண்கள் இல்லாததற்குக் காரணம், ஆய்வாளர்கள் தெருமுனையில் மட்டும் நின்றதும்தான். பெண்களின் பண்பாடு படுக்கையறைச் சுவரொட்டிகளிலும் தோழி வீட்டிலும் இருந்தது. எங்கே நின்று பார்க்கிறோமோ அங்கே இருப்பவர்தான் தெரிவார். களத்தில் நுழைய உதவும் முதல் ஆளை வைத்தே பார்வை குறுகிவிடும் என்பதை எந்தக் களப்பணியிலும் கணக்கில் வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஜானிஸ் ராட்வே 1984-இல் காதல் நாவல் வாசகிகளை ஆராய்ந்தார். ஒரு புத்தகக்கடைப் பெண்மணியின் வாடிக்கையாளர்கள் 42 பேரிடம் வினாத்தாள், அவர்களில் 16 பேரிடம் நேர்ப்பேச்சு. அவர் கதைகளைப் பற்றிக் கேட்க, அவர்கள் படிக்கும் நேரத்தைப் பற்றிப் பேசினார்கள். புத்தகம் கையில் இருந்தால் கணவரும் பிள்ளைகளும் கொஞ்சம் விலகி நிற்பார்கள். எல்லோரையும் கவனிப்பவர்கள் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளும் நேரம் அது. முன்கூட்டிய கேள்வித்தாளில் இல்லாத பதில் இப்படி வரும்போது, கேள்வியை மாற்றிக்கொள்ளும் துணிவு வேண்டும்.

களக்குறிப்பு எழுதும் வழக்கம் எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம். களத்தில் சின்னத்தாளில் சொற்களை மட்டும். அன்றிரவு தூங்குவதற்குமுன் முழுக்குறிப்பு. ஒரு மணிநேரக் களத்துக்கு இரண்டு மணிநேர எழுத்து என்று கணக்குப் போடுங்கள். பார்த்தது இடப்பக்கம், நினைத்தது வலப்பக்கம், இரண்டையும் கலக்காதீர்கள்.

ஆவணமும் தருணமும்

1978-இல் ஹாலும் இன்னும் நால்வரும் எழுதிய நூல் வழிப்பறி பற்றியது, இன்னும் சரியாகச் சொன்னால், வழிப்பறியைப் பற்றிய பீதி பற்றியது. 1972 ஆகஸ்டில் லண்டன் வாட்டர்லூ அருகே ஒரு முதியவர் கொல்லப்பட்டதை, அமெரிக்காவிலிருந்து வந்த 'மக்கிங்' (வழிப்பறி) என்ற சொல்லைச் சூட்டிப் பத்திரிகை எழுதியது. பர்மிங்ஹாமின் ஹேண்ட்ஸ்வொர்த்தில் 1972 நவம்பரில் நடந்த வழிப்பறிக்காகப் பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்கு 1973 மார்ச்சில் 20 ஆண்டுத் தண்டனை. குழு 1972 ஆகஸ்ட் முதல் 1973 ஆகஸ்ட் வரையான 13 மாதப் பத்திரிகைச் செய்திகளைத் திரட்டி, காவல்துறைப் புள்ளிவிவரத்தோடு வைத்துப் பார்த்தது. "புதிதாய்த் திடீரென்று பெருகிய குற்றம்" என்பதை எண்கள் தாங்கவில்லை. பிறகு, செய்தியில் முதலில் பேசுவது யார் என்று பார்த்தார்கள். காவல்துறை, நீதிபதி, அமைச்சர். பிரச்சினை என்ன என்பதை இவர்கள் வரையறுத்தபின், மற்றவர் அந்த வரையறைக்குள் நின்றுதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில், அந்த ஆண்டு ஏன் அந்தப் பீதி என்ற கேள்வி. பொருளாதார நெருக்கடி, வேலைநிறுத்தங்கள், கறுப்பினக் குடியேறிகள்மீதான வெறுப்பு, கடுமையான அரசுக்கான ஒப்புதல். கிராம்ஷியின் மேலாண்மைக் கருத்து (ஆள்பவர் பலத்தால் மட்டுமல்ல, ஆளப்படுபவரின் ஒப்புதலைப் பெற்றும் ஆள்கிறார்கள் என்பது) இங்கே அலங்காரமாக நிற்கவில்லை, வேலை செய்கிறது. ஐந்து பேர் பல ஆண்டு உழைத்தது இது. ஒரு பருவக் கட்டுரையில் இதே அளவுக்கு முயலாதீர்கள்.

சிறிய அளவில் செய்யலாம். தேதி எல்லை, தேடுசொற்கள், இரண்டு பத்திரிகைகள், 40 முதல் 60 செய்திகள். ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்', நியூசிலாந்தின் 'பேப்பர்ஸ் பாஸ்ட்' இரண்டும் இலவசம், வீட்டிலிருந்தே பார்க்கலாம். பிரிட்டிஷ் பத்திரிகைத் தொகுப்புகளுக்குச் சந்தா வேண்டும், பல்கலைக்கழக நூலகம் வழியாகக் கிடைக்கும். இரண்டு எச்சரிக்கை. ஸ்கேன் செய்த பழைய எழுத்தைக் கணினி தப்பாகப் படிக்கும், எனவே தேடலில் வராதது இல்லாதது ஆகிவிடாது. அடுத்து, வெட்டியெடுத்த செய்தியை மட்டும் பார்க்காமல் முழுப்பக்கத்தையும் பாருங்கள். அருகில் என்ன விளம்பரம், எந்தச் செய்தி என்பதும் பொருளின் பகுதி.

ஹாலின் பக்கம் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லண்டன் இன உறவுகள் நிறுவனத்தை நடத்திய இலங்கைத் தமிழர் ஏ. சிவானந்தன், ஹாலும் நண்பர்களும் 1980-களின் இறுதியில் முன்வைத்த "புதிய காலம்" வாதத்தை 1990-இல் கடுமையாகத் தாக்கினார். நுகர்விலும் அடையாளத்திலும் அரசியலைத் தேடுகிறவர்கள், அந்தப் பொருள்களைத் தயாரிக்கும் ஏழை நாட்டுத் தொழிலாளரை மறந்துவிட்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். இந்தக் கட்டுரை பாடத்திட்டங்களில் போதிய அளவு இடம்பெறுவதில்லை. தேடிப் படிக்கலாம்.

வாக்மன் சுற்று

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்காக ஹாலும் பால் டு கேயும் மற்றவர்களும் 1997-இல் எழுதிய பாடநூல், நடந்துகொண்டே பாட்டுக் கேட்க வந்த சிறிய கேசட் கருவியான சோனி வாக்மனை எடுத்துக்கொண்டு ஐந்து புள்ளிகளில் சுற்றி வருகிறது: சித்திரிப்பு, அடையாளம், உற்பத்தி, நுகர்வு, ஒழுங்குமுறை. 1979-இல் வந்த முதல் வாக்மனில் இரண்டு பேர் சேர்ந்து கேட்க இரண்டு துளைகள் இருந்தன, பேசுவதற்கு ஒரு பொத்தானும் இருந்தது. தனியே கேட்பது மரியாதைக் குறைவு என்று நிறுவனம் நினைத்தது. வாங்கியவர்கள் தனியாகவே கேட்டார்கள். பின்னால் வந்த வடிவங்களில் அந்த ஏற்பாடு போய்விட்டது. உற்பத்தி நுகர்வை முடிவுசெய்யவில்லை, நுகர்வு திரும்பிப்போய் உற்பத்தியை மாற்றியது. பொது இடத்தில் காதிலிருந்து கசியும் இரைச்சல் பற்றிய புகார், ஒழுங்குமுறைப் புள்ளி.

இந்தச் சுற்று பார்க்க அழகாக இருப்பதால் மாணவர்கள் ஐந்துக்கும் தலா 600 சொல் ஒதுக்கி 3000 சொல் கட்டுரை எழுதுகிறார்கள். ஐந்தும் தகவல் குறிப்பாகத் தேங்கிவிடும். இரண்டு புள்ளிகளை எடுத்து, அவற்றுக்கு நடுவே ஓடும் கோட்டை எழுதுங்கள்.

உதாரணத்துக்கு ஒன்று. பிரிட்டனில் கேடு விளைவிக்கும் பாலினப் பிம்பங்களை விளம்பரத்தில் காட்டக்கூடாது என்ற விதி 2019 ஜூன் 14-இல் நடைமுறைக்கு வந்தது. விதியைச் செயல்படுத்தும் விளம்பரத் தர ஆணையம் தன் தீர்ப்புகளைக் காரணத்தோடு இணையத்தில் வெளியிடுகிறது. அங்கே பல்பொருள் அங்காடிகளின் கிறிஸ்துமஸ் விளம்பரம் ஆண்டுதோறும் ஊரே பேசும் விஷயம். இரண்டையும் சேர்த்தால் கேள்வி கிடைக்கிறது: விதிக்கு முன்னும் பின்னும் அந்த விளம்பரங்களில் யார் சமைக்கிறார், யார் வெட்டுகிறார், யார் உட்கார்ந்திருக்கிறார்? ஐந்து அங்காடிகள், 2017, 2018, 2021, 2022. விதி வந்த ஆண்டையும் பெருந்தொற்று ஆண்டையும் விட்டுவிடுங்கள், பெருந்தொற்றின்போது விருந்தே வேறாக இருந்தது. மொத்தம் 20 விளம்பரம், ஒரு மாணவரால் முடியும்.

பதிவுத்தாளில் ஒவ்வொரு வேலைக்கும் வரையறை எழுதுங்கள். பாத்திரத்தைத் தொட்டாலே சமையலா, அடுப்பருகே நின்றால் போதுமா? ஐந்து விளம்பரங்களை நண்பர் ஒருவரும் தனியாகப் பதிவுசெய்யட்டும். ஐந்தில் ஒரு பதிவுக்குமேல் முரண்பட்டால் வரையறை தெளிவில்லை என்று பொருள், திருத்தி எழுதிவிட்டு மறுபடி தொடங்குங்கள். எண்ணிக்கை முடிந்ததும் இரண்டே விளம்பரங்களைத் தேர்ந்து, அட்டவணை போட்டு உன்னிப்பாகப் படியுங்கள். எண்கள் போக்கைச் சொல்லும், உன்னிப்பான வாசிப்பு அது எப்படி நடக்கிறது என்று சொல்லும். மாற்றம் தெரிந்தால் விதிதான் காரணம் என்று தாவாதீர்கள். விதி வருவதற்கு முன்பே நிறுவனங்கள் மாறத் தொடங்கியிருக்கலாம், 2018 விளம்பரங்களில் அது தெரியும். பார்ப்பவர் என்ன நினைத்தார் என்பதைப் பற்றி இந்தத் தரவு எதுவும் சொல்லாது. கட்டுரையிலும் அதைத் தொட வேண்டாம்.

முறை பற்றிய பத்தி 300 முதல் 400 சொல் இருந்தால் போதும். எதைச் சேர்த்தீர்கள், எதை விட்டீர்கள், ஏன், எப்படிப் பதிவுசெய்தீர்கள். அதில் ஃபூக்கோவின் வாழ்க்கை வரலாறு வேண்டாம்.

அனுமதி

ஆட்களிடம் பேசுவதாக இருந்தால், பிரிட்டன், ஆஸ்திரேலியா பல்கலைக்கழகங்களில் அறநெறிக் குழுவின் ஒப்புதல் முதலில் வேண்டும். சில வாரங்கள் ஆகும். ஒப்புதலுக்குமுன் எடுத்த பேட்டியைப் பயன்படுத்த முடியாது, பின்தேதியிட்டு வாங்கவும் முடியாது. பருவம் தொடங்கிய இரண்டாவது வாரத்திலேயே விண்ணப்பம் போய்விட வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் தேவை என்றால் பெற்றோர் ஒப்புதல், பள்ளி அனுமதி என்று நீளும். முதுகலைக் கட்டுரைக்கு அது கட்டுப்படியாகாது. நியூசிலாந்தில் மாவோரி மக்களைப் பற்றியதானால் கேள்வி இன்னும் ஆழமாகும். லிண்டா துஹிவாய் ஸ்மித் 1999-இல் எழுதிய நூலுக்குப் பிறகு, இந்த ஆய்வு யாருக்காக, யார் கேட்டு, முடிவு யார் கையில் என்பதற்குத் தொடக்கத்திலேயே பதில் சொல்லியாக வேண்டும்.

இணையப் பதிவுகளை எடுப்பவர்கள் "பொதுவெளியில்தானே இருக்கிறது" என்று அனுமதியைத் தாண்டிவிடுகிறார்கள். சிக்கல் வருவது மேற்கோளில். பெயரை மறைத்துவிட்டு வாசகத்தை அப்படியே போட்டால், அந்த வரியைத் தேடுபொறியில் இட்ட யாருக்கும் எழுதியவர் கிடைத்துவிடுவார். எழுதியவரின் சம்மதம் இல்லையென்றால் வாசகத்தைச் சொல்மாற்றி எழுதுங்கள். எழுதியபின் மேற்கோள் குறிக்குள் போட்டு ஒருமுறை, குறியில்லாமல் ஒருமுறை நீங்களே தேடிப் பாருங்கள். மூலப் பதிவு முதல் பக்கத்தில் வந்தால் இன்னும் மாற்ற வேண்டும்.